தட்டாரப்பூச்சியின் சபர்

ஐப்பசியில் இரண்டு மூன்று நாள் மழை பிடித்து விட்ட மறுநாள், புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் வயல்வெளியில் தட்டாரப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாகத் தாழப் பறக்கும். சம்பா நட்டு வேர் பிடித்திருக்கும் நேரம். வரப்பில் மண்வெட்டியோடு நிற்பவர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் மழ கீது" என்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் ஒன்றிரண்டைப் பிடித்து வாலில் நூல் கட்டிக் கூழாங்கல் தூக்க வைப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் மஞ்சள் உடம்பும் அகன்ற பின்னிறகும் கொண்ட இனம் ஒன்று தவறாமல் இருக்கும். அறிவியல் பெயர் பான்டாலா ஃபிளாவசென்ஸ். எடை அரை கிராம்கூடத் தேறாது. நூலில் சிக்காமல் தப்பியவை இங்கிருந்து எங்கே போகின்றன என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. மழைக்காலம் முடிந்தால் காணாமல் போகும், அவ்வளவுதான். 2009இல் சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொன்னார். ஆப்பிரிக்காவுக்கு.

ஆண்டர்சன் மாலத்தீவில் வாழ்ந்தவர். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் ஆயிரக்கணக்கான தட்டான்கள் அந்தத் தீவுகளில் வந்து இறங்குவதைப் பல ஆண்டுகள் குறித்துவைத்தார். மாலத்தீவில் ஆறு கிடையாது. பெய்யும் மழை பவள மணலுக்குள் இறங்கிவிடும். தேங்கிய நன்னீரில் முட்டையிடும் பூச்சிக்கு அப்படிப்பட்ட ஊரில் என்ன வேலை? தேதிகளை வரிசைப்படுத்தினால் ஒரு பாதை தெரிந்தது. முதலில் தென்னிந்தியா, பிறகு மாலே, பிறகு தெற்கே அட்டு, பிறகு செஷல்ஸ், கடைசியில் கிழக்கு ஆப்பிரிக்கா. மழையைத் துரத்திக்கொண்டு, ஆயிரம் மீட்டருக்கு மேல் வீசும் வடகிழக்குக் காற்றில் ஏறிக்கொண்டு போகின்றன என்பது அவர் வாதம். தென்மேற்குப் பருவக்காற்றில் திரும்பி வருவது போனவை அல்ல, அவற்றின் வாரிசுகள். ஒரு சுற்று முடிய நான்கு தலைமுறை ஆகும். மொத்தத் தூரம் 14,000 முதல் 18,000 கி.மீ. வரை இருக்கலாம் என்று அவர் கணக்கிட்டார். நாகாலாந்தில் இளைப்பாறிவிட்டு அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போகும் அமூர் வல்லூறும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே திசையில் பறக்கிறது. வழியில் அதற்குச் சாப்பாடே இந்தத் தட்டான்கள்தானோ என்பது ஆண்டர்சனின் ஊகம்.

ஆக, பாகூரிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு விமானப் பாதை ஒன்று வெகு காலமாகவே இருக்கிறது. மனிதர்கள் போவதுதான் சிக்கல்.

பாகூர்க்காரர் ஒருவர் கென்யாவில் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தைப் பார்க்கக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் சொன்னதும் அத்தை கேட்பது, "அங்க சிங்கம் ரோட்லயே வருமாமே?" அத்தையின் கேள்வி அசட்டுத்தனமானதல்ல. சாலை யாருடையது என்பதுதான் அந்தப் பயணம் முழுக்கப் பின்தொடரப்போகும் கேள்வி.

முதலில் சொல்லைக் கொஞ்சம் பார்க்கலாம். எண்பதுகளில் புதுச்சேரியின் கொம்யூன் கிராமங்களில் சஃபாரி என்றால் தையல்காரருக்குத்தான் தெரியும். அரைக்கைச் சட்டையும் அதே துணியில் கால்சட்டையும். ஆபீஸர், கல்யாணத்துக்கு வரும் காண்ட்ராக்டர், மந்திரிக்குப் பின்னால் நிற்கும் பாதுகாவலர் போடுவது. 1998க்குப் பிறகு அது டாடா கம்பெனியின் பெரிய காராகவும் ஆனது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் கம்பி போட்ட பேருந்தில் உட்கார்ந்து சிங்கத்தைப் பார்த்துவிட்டு வருவது மூன்றாவது பொருள். சுவாஹிலி மொழியில் சஃபாரி என்பதற்கு இது எதுவுமே பொருளில்லை. பயணம், அவ்வளவே. கிழவி மகள் வீட்டுக்குப் போவதும் சஃபாரிதான். அரபியின் 'சஃபர்' சுவாஹிலிக்குப் போன வழியில் தமிழுக்கும் வந்திருக்கிறது. புதுச்சேரியின் இன்னொரு துண்டான காரைக்காலிலும் பக்கத்து நாகூரிலும் முஸ்லிம் வீடுகளில் வெளிநாடு போவது 'சபர்', பிழைக்கப் போய் வந்தவர் 'சபராளி'. ரிச்சர்ட் பர்ட்டன் போன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயணிகள் அந்தச் சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்கள். போன இடத்தில் அது முதலில் வேட்டையாகவும் பிறகு பூங்காவாகவும் சுருங்கியது. வழியைக் குறித்த சொல், வழி முடியும் இடத்தில் இருக்கும் வாசற்கதவுக்குப் பெயராகிவிட்டது.

பாகூரிலிருந்து புதுச்சேரிக்கு டவுன் பஸ், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை. வில்லியனூர்க்காரர் என்றால் ரயிலைப் பிடித்து விழுப்புரம் வழியாகவும் போகலாம். 1879இல் போட்ட தடம் அது. இலாஸ்பேட்டை விமான நிலையத்தில் 2024 டிசம்பரில் மீண்டும் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் விமானம் விட்டார்கள். ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான் என்பதால் விசிறி வைத்த சிறிய ஏடிஆர் விமானங்களுக்கே அது தோது. சென்னையிலிருந்து மும்பை, அங்கிருந்து நைரோபி ஏறத்தாழ ஆறு மணி நேரம். அந்தத் தடமும் புதிதல்ல. ஏர் இந்தியா இன்டர்நேஷனல் 1950லேயே பம்பாயிலிருந்து நைரோபிக்குப் பறக்கத் தொடங்கிவிட்டது. அதற்கு முன்னும் அதற்குப் பின் சில பத்தாண்டுகளும் கப்பல். அதற்கும் முன்னால் பாய்மரம். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் வடகிழக்கிலிருந்து வீசும் காற்றுக்குக் கஸ்காஸி என்றும் தெற்கிலிருந்து எதிர்த்து வீசுவதற்குக் குசி என்றும் பெயர். கஸ்காஸியில் பாய் விரித்துப் போய்க் குசியில் திரும்புவார்கள் வணிகர்கள். நம் கரையில் வாடை என்று அறியப்படும் காற்றின் உறவுதான் கஸ்காஸி. தட்டானும் பாய்மரக்காரரும் ஒரே கால அட்டவணையில் போய்வந்திருக்கிறார்கள்.

காகித வேலைகளில் ஒன்று மட்டும் நின்று பார்க்கத் தக்கது. கென்யா 2024 ஜனவரி முதல் விசாவை எடுத்துவிட்டு மின்னணுப் பயண அனுமதி கொடுக்கிறது. அது எளிது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிதான் விசேஷம். சென்னையில் கிண்டி கிங் ஆய்வு நிலையம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடங்களில் மட்டும் போடுவார்கள், போட்டதற்கு ஒரு மஞ்சள் அட்டை தருவார்கள். இந்த அட்டையைக் கேட்பது கென்யா அல்ல, இந்தியா. திரும்பி வரும்போது, ஊசி போட்டுப் பத்து நாள் கடந்ததைக் காட்டும் அட்டை இல்லையென்றால் ஆறு நாள் தனிமைப்படுத்தலாம். மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்ததே இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்கு வீடு உண்டு. டெங்குவைத் தருவதும் அதே கொசு. தீக்குச்சி இல்லையே தவிர வைக்கோல் தயாராக இருக்கிறது. கொசுவைப் பற்றிப் புதுச்சேரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1975 முதல் இங்கே இயங்கும் நோய்க் கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்துக்குக் கொசு ஆராய்வதே முழுநேர வேலை. வேடிக்கை என்னவென்றால், அட்டை இல்லாமல் போய்வரும் தட்டானின் குஞ்சு, தண்ணீருக்குள் கிடக்கும் நாட்களில் கொசுப்புழுவைத் தின்று வளர்கிறது.

நைரோபியில் இறங்கியதும்தான் உண்மையான கேள்வி. மாராவுக்குச் சாலையா, விமானமா?

விமானம் என்றால் நகரத்துக்குள்ளேயே இருக்கும் வில்சன் விமான நிலையம். 1929இல் விமானக் கம்பெனி தொடங்கிய ஃபுளோரன்ஸ் வில்சன் என்ற பெண்ணின் பெயர் அது. பன்னிரண்டு பேர் உட்காரும் ஒற்றை என்ஜின் செஸ்னா கேரவன். பெட்டி மெத்தென்ற துணிப் பையாக இருக்க வேண்டும், கைப்பையும் சேர்த்துப் பதினைந்து கிலோ. முக்கால் மணி நேரத்தில் மாரா. அங்கே ஓடுபாதை மண் தரை. விமானம் ஓரிடத்தில் இருவரை இறக்கிவிட்டு, மறுபடி எழும்பிப் பத்து நிமிடத்தில் இன்னொரு ஓடுபாதையில் நால்வரை இறக்கும். வில்லியனூர் டவுன் பஸ் நிறுத்தம் நிறுத்தமாக நின்று போவதுபோலத்தான். இறங்குவதற்கு முன்னால் ஜீப் ஒன்று ஓடுபாதையில் மேயும் வரிக்குதிரைகளை விரட்டிவிடுவதும் உண்டு.

சாலை என்றால் 250 கி.மீ. அளவில் தூரம், ஐந்தாறு மணி நேரம். அண்மை ஆண்டுகளில் நாரோக்கிலிருந்து செகெனானி வாசல்வரை தார் போட்ட பிறகுதான் இந்தக் கணக்கு. அதற்கு முன் முதுகெலும்பைக் கேட்டால் வேறு கணக்கு சொல்லும். லிமுரு தேயிலைத் தோட்டங்களைத் தாண்டியதும் நிலம் சட்டென்று கீழே விழுந்துவிடுகிறது. பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு. ஒரு கண்டம் மெல்ல இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் விளிம்பில் லாரிகள் பிரேக்கை அழுத்திக்கொண்டு இறங்குகின்றன. எங்கு பார்த்தாலும் மட்டமான வயலும் பனையும் என்று வளர்ந்த பாகூர்க் கண்ணுக்கு, செஞ்சிக் குன்றுகளே பெரிய மலையாக இருந்த கண்ணுக்கு, அந்தப் பள்ளம் உடனே பிடிபடாது. லோங்கோனாட் எரிமலை தூரத்தில் நிற்கும். இறக்கத்தில் சாலையோரம் ஒரு சின்னஞ்சிறு தேவாலயம். 1942இல் இந்தச் சாலை வேலைக்குக் கொண்டுவரப்பட்ட இத்தாலியப் போர்க் கைதிகள் கட்டியது. பிறகு கோதுமை வயல்கள், சிவப்புத் துணி போர்த்திய மசாய்கள், சாலையை மறித்து நடக்கும் அவர்களுடைய மாடுகள். முக்கால் மணி நேர விமானத்தில் இவை எல்லாம் மேகத்துக்குக் கீழே பழுப்பும் பச்சையுமான ஒட்டுத்துணி.

நாரோக் ஊரில் வண்டி நிற்கும். பாகூர்க்காரருக்கு அங்கே ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. கடையில் கிடைப்பது சப்பாத்தி, சமோசா, பிலாவ், குடிக்கச் சாய். கடைக்கு டுக்கா, வண்டிக்கு காரி. எல்லாமே சுவாஹிலிச் சொற்கள், எல்லாமே நமக்குத் தெரிந்தவை. வெளிநாட்டுப் பயணிகளுக்காகச் சுட்டதல்ல, அந்த ஊர்க்காரர்கள் அன்றாடம் தின்னும் சப்பாத்தி அது.

அந்தச் சப்பாத்தி வந்த வழி இரும்பு வழி. 1896இல் மொம்பாசாவில் தொடங்கி 1901இல் விக்டோரியா ஏரியைத் தொட்ட உகாண்டா ரயில்பாதையைப் போட ஏறத்தாழ 32,000 பேரை இந்தியாவிலிருந்து கப்பலேற்றினார்கள். பெரும்பாலும் பஞ்சாபிகள். கிட்டத்தட்ட 2,500 பேர் அங்கேயே செத்தார்கள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கிவிட்டார்கள். நைரோபி நகரமே 1899இல் அந்த ரயில்வேக்காரர்கள் கூடாரம் போட்ட இடம். மசாய் மொழியில் குளிர்ந்த நீரைக் குறிக்கும் பெயர்.

மொம்பாசாவுக்கும் நைரோபிக்கும் நடுவில் சாவோ ஆறு. 1898இல் அங்கே பாலம் கட்டியவர்களின் கூடாரங்களுக்குள் இரவில் இரண்டு சிங்கங்கள் வந்தன. பிடரி மயிர் இல்லாத ஆண் சிங்கங்கள். முள்வேலி போட்டுப் பார்த்தார்கள், நெருப்பு மூட்டிப் பார்த்தார்கள், மரத்தில் ஏறித் தூங்கினார்கள். டிசம்பரில் ஒருநாள் கூலிகள் கூட்டமாகத் தண்டவாளத்தில் படுத்து ரயிலை நிறுத்தி, அதில் ஏறி மொம்பாசாவுக்கே போய்விட்டார்கள். வேலை மூன்று வாரம் நின்றது. அந்த மாதமே ஜான் பேட்டர்சன் என்ற பொறியாளர் இரண்டு சிங்கங்களையும் சுட்டார். பாலத்தைவிட அந்தத் துப்பாக்கிதான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. செத்தவர்கள் 135 பேர் என்று பின்னாளில் அவர் சொன்னார். 1924இல் அவர் விற்ற தோல்கள் சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் பாடம் செய்யப்பட்டு நிற்கின்றன. 2009இல் அந்த எலும்பையும் மயிரையும் வேதியியல் முறையில் ஆராய்ந்தவர்கள் இரண்டும் சேர்ந்து தின்றது முப்பத்தைந்து பேர் அளவில் இருக்கலாம் என்றார்கள். 2024இல் பல் இடுக்கில் இருந்த மயிரிலிருந்து மரபணு எடுத்தார்கள். ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, மான் வகைகள், மனிதன். சுட்டவரின் பெயர் உலகுக்குத் தெரியும், சிங்கங்களின் முகவரி தெரியும். கூடாரத்தில் செத்த கூலிகளுக்கு எண்ணிக்கைகூட நிச்சயமில்லை.

பதினோரு ஆண்டு கழித்து, 1909இல், அதே தடத்தில் தியோடர் ரூஸ்வெல்ட் வேட்டைக்குப் போனார். அமெரிக்க ஜனாதிபதி பதவியை விட்டு இறங்கிய சூடு ஆறாதவர். ரயில் என்ஜினின் முன்னால், மாடு தள்ளும் இரும்புச் சட்டத்துக்கு மேல் இருக்கை போட்டு அதில் உட்கார்ந்து விலங்குகளைப் பார்த்துக்கொண்டே போனார். தண்டவாளத்தில் படுத்தவர்களும் அதற்கு மேல் சவாரி போனவரும் பார்த்தது ஒரே காடுதான்.

தமிழர்களின் ஆப்பிரிக்கா வேறு திசையில் இருந்தது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் டர்பனில் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இறக்கியது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் போன பிரெஞ்சுக் கப்பல்கள் ரீயூனியன் தீவுக்கு இறக்கின. அந்தக் கப்பல்களில் ஏறியவர்களில் கொம்யூன் கிராமத்து விவசாயக் கூலிகளின் உறவுமுறைகள் எத்தனையோ. ரீயூனியனில் சிங்கம் கிடையாது. அங்கே மல்பார் என்று அழைக்கப்படும் அவர்களுடைய வழித்தோன்றல்கள் காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் சிங்கம் உண்டு, ஆனால் க்ரூகர் பூங்காவின் பெரிய தங்கும் முகாம்கள் இனஒதுக்கல் காலத்தில் வெள்ளையர்களுக்கானவை. டர்பன் தமிழர் தன் நாட்டுச் சிங்கத்தைப் பார்க்க ஊர் பார்த்து, தோல் பார்த்துத் தங்க வேண்டியிருந்தது.

சாவோவில் இப்போது புது ரயில் ஓடுகிறது. 2017இல் தொடங்கிய மொம்பாசா–நைரோபி ஸ்டாண்டர்டு கேஜ் பாதை, 470 கி.மீ. சொச்சம். யானைகளின் நாடான சாவோவைக் குறுக்கே வெட்டும் உயர்ந்த மண்மேடு, அதில் யானை நுழைந்து போக இடைவெளிகள். அதன் அடுத்த நீட்டிப்பு நைரோபி தேசியப் பூங்காவுக்கு மேல் ஆறு கி.மீ. பாலமாகவே போகிறது. ஒட்டகச்சிவிங்கி கீழே மேய, மேலே ரயில். யானைகளுக்குக் கழுத்துப்பட்டை மாட்டிப் பார்த்ததில் சில வழியைக் கற்றுக்கொண்டன, சில மேட்டின் ஓரமாகவே அலைந்தன.

இதைக் கேட்கும்போது கோயம்புத்தூர் நினைவுக்கு வராமல் இருக்காது. மதுக்கரை, நவக்கரைப் பக்கம் பாலக்காட்டு ரயில் பாதையில் 2021 நவம்பரில் ஒரே இரவில் மூன்று பெண் யானைகள் அடிபட்டுச் செத்தன. பிறகு அங்கேயும் தடத்துக்கு அடியில் வழி வெட்டினார்கள். 2024 பிப்ரவரியில் கேமரா கோபுரங்கள் வைத்து, யானை தடத்தை நெருங்கினால் கணினியே எச்சரிக்கும் ஏற்பாடு செய்தார்கள். திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்தை 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் கட்டுப்படுத்தியபோது மலைமேல் வாழ்பவர்கள் கேட்டதும் நியாயமான கேள்விதான்: ராத்திரி நோவு வந்தால் நாங்கள் எந்த வழியில் போவது?

தான்சானியாவில் அந்தக் கேள்வி இன்னும் பெரிதாக எழுந்தது. செரெங்கெட்டி தேசியப் பூங்காவின் வடபகுதி வழியாக நெடுஞ்சாலை போட 2010இல் அரசு திட்டமிட்டது. ஏரிக்கரை ஊர்களுக்குச் சாலை வேண்டும், சந்தை வேண்டும். ஆனால் பதின்மூன்று லட்சம் அளவுக்கு வில்டபீஸ்ட்கள் ஆண்டுதோறும் நடக்கும் பாதை அது. மாட்டுத் தலையும் குதிரை வாலுமாக யாரோ மிச்சம் மீதியைக் கொண்டு செய்ததுபோன்ற அந்த மிருகம், மழையும் புல்லும் எங்கே என்று பார்த்து வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றைக் கடந்து கென்யாவில், பிறகு திரும்பத் தெற்கே. 2014இல் கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றம் அந்தத் தார்ச்சாலை கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. சுவாஹிலிச் சொல்லின் மூலப் பொருளில் பார்த்தால் அங்கே சஃபாரி போவது வில்டபீஸ்ட்கள்தான். ஜீப்பில் இருப்பவர்கள் வழியோரம் நின்று பார்க்கிறார்கள், தேர் பார்க்க வில்லியனூர் மாடவீதியில் நிற்பதுபோல.

மாராவின் பரப்பு 1,510 ச.கி.மீ. புதுச்சேரிப் பகுதி முழுவதும், ஐந்து கொம்யூன்களும் நகரமும் சேர்த்து, முந்நூறு ச.கி.மீ.யை எட்டாது. செரெங்கெட்டி 14,700க்கும் மேல். இவ்வளவு பெரிய பரப்பில் எத்தனை விலங்கு என்று எண்ண வேண்டுமானால் வானத்தில்தான் போக வேண்டும். வேட்டைக்காரர்கள் அதை முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். டெனிஸ் ஃபின்ச் ஹாட்டன் சிறு விமானத்தில் பறந்து யானைக் கூட்டம் எங்கே என்று பார்த்துத் தன் பணக்கார வேட்டைக்காரர்களுக்குச் சொல்ல முனைந்தவர். 1931இல் சாவோவுக்கு அருகே வோய் ஊரில் அந்த விமானம் விழுந்து செத்தார். பாதுகாக்க வந்தவர்களும் அதே வழியைப் பிடித்தார்கள். ஃபிராங்ஃபர்ட் உயிரியல் பூங்காவின் தலைவர் பெர்ன்ஹார்ட் கிர்ஸிமெக்கும் அவர் மகன் மைக்கேலும் வரிக்குதிரை போலக் கோடு தீட்டிய ஒரு டோர்னியர் விமானத்தில் செரெங்கெட்டி முழுவதும் எண்ணினார்கள். பதிவெழுத்து டி-என்டெ. என்டெ என்றால் ஜெர்மன் மொழியில் வாத்து. அவர்கள் எண்ணிக்கை 3,66,980. கடைசி எண்பது வரை எழுதிவைத்த ஜெர்மானியத்தனம் ரசிக்கத்தக்கது. 1959 ஜனவரி 10 அன்று மைக்கேல் தனியாகப் பறந்தபோது ஒரு பாறுக் கழுகு இறக்கையில் மோதியது. விமானம் விழுந்தது. அவருக்கு வயது 24. இங்கோரோங்கோரோ மலை விளிம்பில் புதைத்தார்கள். தந்தையின் சாம்பலும் பின்னாளில் அங்கேயே சேர்ந்தது. அவர்கள் எடுத்த படத்துக்கு அடுத்த ஆண்டு ஆஸ்கார் கிடைத்தது.

ஆகாயமும் காலிமனை அல்ல. 1973இல் மேற்கு ஆப்பிரிக்காவின் அபிஜான் மேலே 37,000 அடியில் ஒரு பயணிகள் விமானத்தில் பாறு ஒன்று மோதியிருக்கிறது. எவரெஸ்டுக்கும் மேலே அதற்கு என்ன ஜோலியோ.

எதிர்த்திசைப் பயணமும் நடந்தாயிற்று. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகள் மூக்கில் புலிமுகம் வரைந்த ஜம்போ விமானத்தில் குவாலியருக்கு வந்து, ஹெலிகாப்டர் மாறிக் குனோ காட்டுக்குப் போயின. அடுத்த பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து விமானப்படை விமானத்தில் பன்னிரண்டு. நிலத்தில் ஓடுவதில் உலகத்திலேயே வேகமான மிருகம், கூண்டில் உட்கார்ந்து, கண்டம் தாண்டி ஆகாயத்தில் வந்தது. இந்தியச் சிவிங்கிப்புலி அற்றுப்போய்விட்டதாக 1952இல் அறிவித்த நாட்டுக்கு வேறு வழியும் இருக்கவில்லைதான்.

வில்லியனூர்க்காரருக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்று சொல்ல ஊசுடு ஏரியைக் காட்டுவது வழக்கம். அந்த ஒப்பீடு ஊசுட்டுக்கும் நல்லதல்ல, மாராவுக்கும் நல்லதல்ல. ஆனாலும் பத்துக்கண்ணுப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏரிக்கரை ஓரமாகச் சன்னல் சீட்டுக் கிடைத்தால் விடக் கூடாது. சுமார் 800 ஹெக்டேர் தண்ணீர், பாதி புதுச்சேரிக்கு, பாதி தமிழ்நாட்டுக்கு. புதுச்சேரி தன் பாதியை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடு தன் பாதியை அறிவிக்க இன்னும் ஆறேழு ஆண்டு ஆனது. இடைப்பட்ட காலத்தில் ஒரே ஏரியில் நீந்திய நாமக்கோழி பாதி நேரம் சட்டப் பாதுகாப்போடும் பாதி நேரம் இல்லாமலும் இருந்திருக்கும். தை மாதத்தில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் இமயத்துக்கு அப்பாலிருந்து வந்து இறங்கியிருக்கும். கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நத்தைகுத்தி நாரை. எண்ணுகிறவர்கள் தொலைநோக்கியோடு கரையில் நிற்பார்கள். இங்கே வந்தவை ஆகாய வழி, எண்ணுபவர்கள் சாலை வழி. கரைச் சாலையில் லாரி ஆரன் அடித்தால் ஒரு கூட்டம் எழும்பி நடு ஏரிக்குப் போய் உட்காரும்.

பாகூர்க்காரர் ஆகஸ்டில் போனார் என்று வைத்துக்கொண்டால், சொர்ணவாரி அறுப்பு முடிந்து சம்பா நாற்றங்காலுக்கு வேலை தொடங்கும் சமயத்தில் திரும்புவார். சென்னை விமான நிலையத்தில் சுகாதார மேசைமுன் வரிசை. மஞ்சள் அட்டையை வாங்கித் தேதியைப் பார்த்துப் பத்து நாள் கணக்குச் சரியா என்று விரல் விடுவார்கள். பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை, புதுச்சேரி, டவுன் பஸ், பாகூர் ஏரிக்கரை. ஏரியில் தண்ணீர் அடியில் கிடக்கும்.

அத்தை கேட்பார். "சிங்கம் ரோட்டுக்கு வந்துச்சா?"

"ரோட்டுல மாடுதான் நின்னுச்சி அத்தே. சிங்கம் உள்ள இருந்துச்சி. சுத்தி ஏழு ஜீப்பு. அது பாட்டுக்குத் தூங்கிக்கினு கெடந்துச்சி."

"அப்ப இன்னாதான் பாத்தே?"

அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து நாரோக் கடையில் தின்ற சப்பாத்தியிலிருந்து ஆரம்பிப்பார்.